சைக்கிளைப் பூட்டினால் போதாது, கட்டிப்போட வேண்டும்: புதுச்சேரி தெருக்களுக்கான முழு வழிகாட்டி

பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை கேட்டு, கட்டுப்படியாகாமல் சங்கரா வாங்கிக்கொண்டு வெளியே வர எனக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். சைக்கிள் நின்ற இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பூட்டித்தான் போயிருந்தேன், சாவி கையில் இருந்தது. அந்தச் சாவியை நீட்டித்தான் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் விசாரித்தேன். "பின்னாடி தூக்கிப் புடிச்சி உருட்டிக்கினு போனாம்பா ஒருத்தன். பூட்டு ரிப்பேரு போலன்னு நெனச்சேன்" என்றார்.

சாயங்காலம் முத்தியால்பேட்டையில் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடையில் போய்ப் புலம்பினேன். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "வீல பூட்டுன, சரி. வண்டிய எதுல கட்டுன?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு வாங்கிய இரண்டு சைக்கிள்கள் ஏழு வருஷமாக என்னிடமே இருக்கின்றன. மாடு வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். மாட்டின் முன்னங்காலைச் சேர்த்துக் கட்டினால் அது தூரம் போகாது. ஆனால் நாலு பேர் சேர்ந்தால் வண்டியில் ஏற்றிவிடலாம். முளையடித்துக் கட்டிய மாட்டை அப்படி ஏற்ற முடியாது. சைக்கிளுக்கும் முளை வேண்டும், கயிறு வேண்டும், ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் இதே வரிசையில் யோசித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் போகிறோம். முதலில் விலை உயர்ந்த பூட்டு வாங்குகிறோம், பிறகு அதைக் கொண்டுபோய் சக்கரத்தில் மாட்டுகிறோம்.

எப்படிப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சைக்கிள் திருட்டு என்றதும் கம்பியை அறுக்கும் ஆள் நினைவுக்கு வருவார். நம் ஊரில் அந்த அளவுக்குப் பாடுபட வேண்டிய தேவையே பல நேரம் வருவதில்லை. சீட்டுக்குக் கீழே லாடம் மாதிரி வளைந்து, பின் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே நுழைகிற பூட்டு மட்டும் போட்ட சைக்கிளைப் பின்பக்கம் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகலாம். குட்டியானை வண்டி வந்தால் அந்தச் சிரமமும் இல்லை. பத்து விநாடியில் ஏற்றிவிடலாம். பட்டப்பகலில் செய்தாலும் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராது. பழுதான சைக்கிளை எல்லோரும் அப்படித்தான் கொண்டுபோகிறோம்.

அடுத்தது மெல்லிய கேபிள் பூட்டை நறுக்குவது. பிளாஸ்டிக் உறைக்குள்ளே இருப்பது மெல்லிய கம்பிகளின் முறுக்கு, ஒயர் வெட்டும் கத்தரிக்கு அது பெரிய விஷயமே இல்லை. கியர் சைக்கிள்களில் முழு வண்டியைக்கூட எடுக்கமாட்டார்கள். நெம்புகோலைத் திருப்பினால் கழன்றுவிடும் முன்சக்கரமும் சீட்டும் மட்டும் போகும். கடைசி வகை, பூட்டாமல் விட்டது. "சும்மா டீ குடிக்கத்தானே" என்று நிறுத்திய வண்டிகள். இதற்கு வழிகாட்டி தேவையில்லை.

முதல் படி: முளையைத் தேடுங்கள்

வண்டியை நிறுத்தும் முன்பே கண் தேட வேண்டியது தரையில் புதைந்த, அசையாத, மேலே மூடிய ஒரு பொருளை. மேலே மூடியது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆள் உயரப் போர்டுக் கம்பத்தில் சங்கிலி போட்டால், சைக்கிளைச் சங்கிலியோடு தலைக்கு மேல் தூக்கி உருவிவிடலாம். சாதாரண சைக்கிள் இருபது கிலோ சொச்சம், கியர் சைக்கிள் அதைவிடக் குறைவு. தண்ணீர் கேன் தூக்குகிறவருக்கு இதெல்லாம் ஒரு கனமா?

கம்பத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குங்கள். கடற்கரைப் பக்கம் இது கட்டாயம். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், தரையோடு சேரும் இடத்தில் உப்புக்காற்று பிஸ்கட் மாதிரி அரித்து வைத்திருக்கும். அங்கே காலால் ஒரு தட்டுத் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். போல்ட் போட்டு இறுக்கிய கம்பிகளில் போல்ட்டின் தலை வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள். ஸ்பேனர் போடும்படி இருந்தால் அது முளை ஆகாது.

மரக்கன்றைச் சுற்றியிருக்கும் கம்பிக்கூண்டு வேண்டாம், கூண்டோடு போகும். கட்சி பேனருக்கும் திருவிழாப் பந்தலுக்கும் நட்ட சவுக்குக் கம்புகளை மறந்தும் நம்பாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், உங்கள் சங்கிலி தரையில் வளையமாகக் கிடக்கும். தெருவிளக்குக் கம்பம் உறுதியானதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் கை வைக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். சைக்கிளும் இரும்பு, சங்கிலியும் இரும்பு, கால் தண்ணீரில். மின்சாரக் கம்பம், டிரான்ஸ்பார்மர் வேலி, விளக்குக் கம்பம் மூன்றையும் வருஷம் முழுக்கவே தவிர்த்துவிடுவது என் பழக்கம். சைக்கிள் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஒயிட் டவுன் தெருக்களில் சுவரோரம் நிறுத்தத் தோன்றும். ஜன்னல் கம்பிகள் முளைக்கு ஏற்றவைதான், ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் கட்டினால் சண்டை வரும். கேட்டுவிட்டுக் கட்டினால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது, உள்ளேயிருந்து ஒரு ஜோடிக் கண் கூடுதலாகக் கிடைக்கிறது.

முளையே இல்லாத இடம் என்றால்? துணைக்கு இன்னொரு சைக்கிள் இருந்தால் இரண்டையும் தலைமாற்றி நிறுத்தி, இதன் ஃபிரேமையும் அதன் ஃபிரேமையும் சேர்த்து ஒரே சங்கிலியில் கட்டுங்கள். ஒன்று கடலைப் பார்த்தும் மற்றொன்று ஊரைப் பார்த்தும் நிற்கிற ஜோடியை உருட்டவும் முடியாது, ஒரு ஆளால் தூக்கவும் முடியாது. டியூஷன் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: கயிறு

லாடப் பூட்டைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அது முதல் பூட்டாக இல்லாமல் இரண்டாவதாக இருக்கட்டும். கடையில் தானம்போல மாட்டிவிடும் மலிவுப் பூட்டுகளில் ஒரு தொல்லை உண்டு. சாவி வகைகள் கொஞ்சம்தான், பக்கத்து வீட்டுச் சாவி நம் பூட்டுக்கும் சேரும். பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டில் படித்தவர்களுக்கு இது தெரியும்.

நம்பர் பூட்டில் சாவி தொலையாது என்பது ஒரு வசதி. ஆனால் பூட்டியபின் நாம் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? அவசரத்தில் கடைசி வளையத்தை மட்டும் ஒரு திருப்புத் திருப்பிவிட்டுப் போகிறோம். திறக்க வருகிறவனுக்குப் பத்து முயற்சி போதும். நம்பர் பூட்டுத்தான் என்றால் எல்லா வளையத்தையும் கலையுங்கள், கடையில் வந்த நம்பரை அன்றைக்கே மாற்றுங்கள்.

என் தேர்வு சங்கிலியும் தொங்கு பூட்டும். ஹார்டுவேர் கடையில் சங்கிலியை எடைக்கே கொடுப்பார்கள். ஒரு மீட்டர் போதும், அதற்கு மேல் நீளம் இருந்தால் தொங்கும், தொங்கினால் தரையில் படும். தரையில் பட்டால் என்ன கேடு என்பதை முடிச்சுக்கு வரும்போது சொல்கிறேன். கண்ணியின் கம்பி எட்டு மில்லிமீட்டருக்குக் குறையவேண்டாம், பத்து கிடைத்தால் நல்லது. இதில் தடிமனைவிட முக்கியமானது இரும்பின் ஜாதி. சாதாரண ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சங்கிலி பார்க்கத் தடியாக இருக்கும், ஆக்ஸா பிளேடுக்கு வெண்ணெய். பதம் ஏற்றிய எஃகுச் சங்கிலி வேறு. கண்டுபிடிக்க ஒரு சின்ன அரம் போதும். சங்கிலியின் ஒரு கண்ணியில் அரத்தை வைத்து நாலு தேய்ப்புத் தேயுங்கள். சாதாரண இரும்பில் அரம் 'கரக்கரக்' என்று கடித்து, வெள்ளையாகப் பள்ளம் விழும், விரலில் தூள் ஒட்டும். பதமேற்றிய எஃகில் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கும், கோடுகூட விழாது. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. "அண்ணே, ஒரே ஒரு கண்ணிதான்" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

பூட்டுக்கும் அதே சோதனை, ஆனால் வளைவுக் கம்பியில் மட்டும். உடல் பித்தளையாக இருப்பது நம் கடற்கரைக்கு நல்லதுதான், துருப்பிடித்து இறுகாது. வளைவு எஃகாக இருக்க வேண்டும், பூட்டிய பிறகு அது வெளியே குறைவாகத் தெரிய வேண்டும். வளைவு நீண்டு நின்றால் கம்பி நுழைத்து நெம்ப இடம் கொடுத்ததாகும். திண்டுக்கல் பூட்டு கையில் கிடைத்தால் நான் ஆசையாகத் திருப்பிப் பார்ப்பேன். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பூட்டு அது. கையால் செய்த நெம்புத் தகடுகள் உள்ளே இருப்பதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. சைக்கிளுக்குக் கொஞ்சம் கனம்தான். வீட்டில் சங்கிலியோடு நிரந்தரமாக வைக்க அருமையானது.

யூ-லாக் எனப்படும் வளைந்த கம்பிப் பூட்டு கியர் சைக்கிளுக்குப் பொருத்தம். நம் கறுப்பு சைக்கிளில் மட்கார்டு, செயின் கவர், கேரியர் கம்பி எல்லாம் குறுக்கே வந்து நிற்கும், யூ-லாக் நுழையாது. வாங்கும் முன் சைக்கிளைக் கடைக்கே ஓட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். அளவில் சின்னதையே எடுங்கள். பூட்டிய பின் உள்ளே காலி இடம் எவ்வளவு குறைவோ, ஜாக்கியோ கடப்பாரையோ நுழைக்க அவ்வளவு கஷ்டம்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு, சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கு. எட்டாயிரம் ரூபாய் வண்டிக்கு எண்ணூறு. ஐம்பதாயிரம் ரூபாய் வண்டியை நூற்றைம்பது ரூபாய் கேபிளில் கட்டியிருப்பதை வாரம் ஒருமுறையாவது கடற்கரைச் சாலையில் பார்க்கிறேன். தொட்டுப் பார்க்காமல் தாண்டிப்போவதற்கே எனக்குத் தனி மனக்கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

மூன்றாம் படி: முடிச்சு

இதை வாசிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. சைக்கிளைக் கம்பத்தை ஒட்டி நிறுத்துங்கள், இடைவெளி விடாதீர்கள். சங்கிலியின் ஒரு நுனியைப் பின்சக்கரத்துக்குள் விடுங்கள். ரிம்மும் டயரும் சங்கிலிக்குள் அடங்க வேண்டும், நாலு கம்பியை மட்டும் சுற்றினால் போதாது. அங்கிருந்து சீட்டைத் தாங்கி நிற்கும் குழாயைச் சுற்றி, பிறகு கம்பத்தைச் சுற்றி, இரண்டு நுனியையும் தொங்கு பூட்டில் சேருங்கள். இப்போது சக்கரம், ஃபிரேம், கம்பம் மூன்றும் ஒரே முடிச்சுக்குள் வந்துவிட்டன. சாவித் துவாரம் கீழே பார்க்கட்டும், மழை இறங்காது. கடைசியாக லாடப் பூட்டையும் போடுங்கள்.

சங்கிலி தரையைத் தொடக்கூடாது என்றேனே, அதற்குக் காரணம் இது. போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியின்மேல் முழு உடம்பின் பாரத்தையும் போட்டு அழுத்தினால் நல்ல சங்கிலியும் விட்டுக்கொடுத்துவிடும். இடுப்பு உயரத்தில் இருந்தால் இரண்டு கையின் வலு மட்டும்தான் கிடைக்கும். அதனால் பூட்டை எப்போதும் சீட்டுக்குக் கீழே, உயரமான இடத்தில், தொங்கலே இல்லாமல் இறுக்கி வையுங்கள்.

யூ-லாக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தந்திரம். அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் சொல்லிப் பரவியது. பின்பக்க ஃபிரேம் முக்கோணமாக இருக்கிறதல்லவா, அந்த முக்கோணத்துக்குள் வருகிற ரிம்மையும் கம்பத்தையும் மட்டும் சேர்த்துப் பூட்டினால் போதும். ஃபிரேமைச் சுற்ற வேண்டியதில்லை. சக்கரம் முக்கோணத்துக்குள் சிக்கியிருப்பதால், ரிம்மை அறுக்காமல் வண்டியை எடுக்க முடியாது. காற்று இறுகிய டயரோடு ரிம்மை அறுப்பது லேசான வேலை இல்லை. முன்சக்கரத்துக்கு ஒரு மெல்லிய கேபிளை வளையமாக விட்டு அதே பூட்டில் மாட்டிவிடலாம்.

எதில் கட்டக்கூடாது? கேரியரில் கட்டாதீர்கள், அது இரண்டு நட்டில் நிற்பது. சீட்டில் கட்டாதீர்கள். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால், திரும்பி வரும்போது கட்டிய சக்கரம் பத்திரமாக இருக்கும். சக்கரம் மட்டும்.

சின்னச் சாமான்கள்

கியர் சைக்கிளில் முன்சக்கரத்தையும் சீட்டையும் நெம்புகோலால் திறக்கும் வசதியை எடுத்துவிட்டுச் சாதாரண நட்டு போடச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. சீட்டு ஆலன் கீ திருகில் நின்றால் இதைச் செய்து பாருங்கள். அந்த அறுகோணப் பள்ளத்துக்குள் பொருத்தமான ஒரு பால்ரஸ் குண்டைப் போட்டு, மேலே மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு சொட்டு விடுங்கள். ஆலன் கீ உள்ளே இறங்காது. உங்களுக்குத் தேவைப்படும்போது மெழுகைச் சூடாக்கிக் குண்டைக் குண்டூசியால் தட்டி எடுத்துக்கொள்ளலாம். எட்டணா பெறாத சாமான், ஆயிரம் ரூபாய் சீட்டைக் காப்பாற்றும்.

கழற்றக்கூடிய லைட், பாட்டில், பம்பு எல்லாம் பையில் உங்களோடு வரட்டும். மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியையும் கழற்றி எடுத்துப் போங்கள். வண்டி விலையில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

இடத்துக்கு இடம் மாறும் கணக்கு

நேரு வீதியில் காலையிலும் மாலையிலும் கூட்டமே காவல். மதியம்தான் பொல்லாத நேரம். பல கடைகளில் ஷட்டர் இறங்கிவிடும், தெரு கண்ணை மூடிவிடும். காலையில் பத்துக் கடைக்கு முன்னால் நிறுத்திய சைக்கிள் இரண்டு மணிக்கு யாருமில்லாத சுவருக்கு முன்னால் நிற்கும். மதியம் தாண்டித்தான் திரும்புவீர்கள் என்றால், மூடாத கடைக்கு எதிரில் கட்டுங்கள். மெடிக்கல் ஷாப், டீக்கடை, ஜூஸ் கடை.

காந்தி வீதியில் ஞாயிறு சந்தை நடக்கும் நாளில் உள்ளே தள்ளிக்கொண்டு போகாதீர்கள். நடுவில் நிறுத்தினால் கூட்டத்தில் உங்கள் சைக்கிளை நாலு பேர் நகர்த்துவார்கள், அந்த நாலு பேரில் ஒருவர் நகர்த்திக்கொண்டே போய்விட்டால் தெரியாது. இரண்டு தெரு தள்ளி, தெரிந்தவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.

கடற்கரைச் சாலையை மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அடைத்துவிடுவதால், குறுக்குத் தெருக்களின் முனையில் சைக்கிளும் பைக்கும் குவியும். இருட்டான சந்துமுனையை விட்டு, ஐஸ்கிரீம் வண்டியோ போலீஸ் தடுப்போ இருக்கும் முனைக்குப் போங்கள். நடந்துவிட்டு வருகிற ஒரு மணி நேரம் திருடனுக்குத் தெரியும். மாசி மகத்தன்று கூட்டம் நெரியும் வைத்திக்குப்பம் பக்கம் சைக்கிளையே எடுக்காதீர்கள். கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஞாயிறு மாலையும் இதே கதைதான்.

பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் என்றால் நாள் முழுக்க நிற்கப் போகிறது. காசு கொடுத்து ஸ்டாண்டில் விடுங்கள். டோக்கனை போனில் ஒரு படம் எடுத்துவிட்டுப் பர்சில் வையுங்கள். ஸ்டாண்டுக்குள்ளேயும் பூட்டுங்கள். "பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற போர்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சாவியை வாங்கிக்கொண்டு கார் நிறுத்தும் ஹோட்டல் ஒன்றின் வழக்கில், தன் பக்கக் கவனக்குறைவுக்கு இப்படி வாசகம் போட்டுத் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. சைக்கிள் ஸ்டாண்டில் நாம் சாவியைக் கொடுப்பதில்லை என்பதால் அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்திவிடாது. இருந்தாலும் டோக்கன் இல்லாமல் பேச்சே எடுக்க முடியாது.

வீட்டு வாசலும் ஒரு பார்க்கிங்தான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் தெருவில் நிற்பதைவிட மாடிப்படிக்குக் கீழே நிற்பது நல்லது, அங்கேயும் படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியில் கட்டுங்கள். கம்பி இல்லாத வீட்டில் சுவரில் ஓட்டை போட்டு ஒரு ஆங்கர் போல்ட் வளையம் அடிக்கச் சொல்லலாம். வாடகை வீடென்றால் ஓனரம்மாவை முதலில் கேளுங்கள்.

உப்புக்காற்றும் பூட்டும்

புதுச்சேரியில் பூட்டைத் திருடன் உடைப்பதற்குள் கடல் உடைத்துவிடும். மாதம் ஒருமுறை பூட்டைத் துடைத்து, சாவித் துவாரத்தில் பென்சில் முனையைச் சுரண்டிய கரித்தூளைப் போட்டு, சாவியைப் பத்து முறை போட்டு எடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டும் போதும், ஆனால் தூளும் எண்ணெயும் சேர்த்துப் போட வேண்டாம், சேறாகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். சங்கிலிக்குப் பழைய சைக்கிள் டியூபை உறையாகப் போடுங்கள், ஃபிரேமில் பெயின்டும் போகாது.

சைக்கிளுக்கு ஒரு ஜாதகம்

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்க வேண்டும். மஞ்சக்குப்பத்தில் இருந்த என் தாத்தா அந்தத் தகர வில்லைகளை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இன்று சைக்கிளுக்குப் பதிவும் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. இது உங்களுடையது என்று சொல்ல இருக்கும் ஒரே சாட்சி ஃபிரேம் நம்பர். பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்பக்கத்திலோ சீட்டுக் குழாயின் மேல் முனையிலோ குத்தியிருப்பார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மண்ணைத் துடைத்து, சுண்ணாம்பைத் தேய்த்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். படம் எடுங்கள். பில்லையும் படம் எடுங்கள், கடைப் பில்லில் ஃபிரேம் நம்பரை எழுதித்தரச் சொல்லுங்கள். முழு வண்டி, கீறல், ஒட்டிய ஸ்டிக்கர் என்று நாலு படம். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வீட்டார் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

இதோடு நான் இரண்டு வேலை செய்கிறேன். பாத்திரக் கடையில் சில்வர் குடத்தில் பேர் வெட்டுகிறாரே, அவரிடம் சைக்கிளைக் கொண்டுபோய் ஃபிரேமின் அடியில் இனிஷியலை வெட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வெட்டினார், காசு வாங்கவில்லை. இன்னொன்று, பேரும் போன் நம்பரும் எழுதிய காகிதத்தை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, சீட்டைக் கழற்றி அந்தக் குழாய்க்குள் போட்டுவிட்டேன். கடலூர்ப் பக்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளுக்கு இவை இரண்டும் கட்டாயம். நூறு சைக்கிளும் ஒரே நிறம், ஒரே மாதிரி. திருட்டு என்றே சொல்ல முடியாமல் மாறிப்போவதும் உண்டு.

போனோடு பேசும் ப்ளூடூத் டேக்கை சீட்டுக்கு அடியில் மறைத்து வைக்கலாம். சந்தடியுள்ள ஊரில் உதவும். ஆனால் அது காட்டும் வீட்டுக்கு நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

போய்விட்டால்

முதல் பதினைந்து நிமிஷம் அக்கம்பக்கம். யாராவது நகர்த்தி வைத்திருக்கலாம், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று போலீசே எடுத்திருக்கலாம். எதிர்க் கடையில் கேமரா இருந்தால் உடனே கேளுங்கள், நாள் போனால் பழைய பதிவு அழிந்துவிடும். அறுந்த பூட்டு கிடந்தால் படம் எடுத்துவிட்டு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு காவல் நிலையம். நம் ஊரில் எல்லைக் குழப்பம் அதிகம். முத்தியால்பேட்டையில் காணாமல் போன சைக்கிள் ஐந்து நிமிஷத்தில் கோட்டக்குப்பத்தில் இருக்கும், அது தமிழ்நாடு, வேறு போலீஸ். கன்னியக்கோயில் தாண்டினால் கடலூர், அதுவும் அப்படியே. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 173-ஆம் பிரிவுப்படி, எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். மின்னணு முறையில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

சைக்கிள்காரர்கள் தெரிந்துவைக்க வேண்டிய ஒரு வரம்பு 5,000 ரூபாய். திருட்டுப் பொருளின் மதிப்பு அதற்குக் குறைவாக இருந்து, முதல் தடவை மாட்டியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 303-ஆம் பிரிவில் தண்டனை சமூக சேவை. இந்த வகைத் திருட்டை நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவில்லாமல் போலீஸ் தானாகப் புலன்விசாரணை செய்ய முடியாத குற்றமாகவும் வைத்திருக்கிறார்கள். அதனால் பில் இல்லாமல் "பழைய சைக்கிள் சார், ரெண்டாயிரம் போவும்" என்று நீங்களே மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கூட்டியும் சொல்லாதீர்கள். சைக்கிளோடு போன பூட்டு, லைட், கேரியர் பையில் இருந்த சாமான் எல்லாவற்றையும் சேர்த்து, பில்லோடு எழுதுங்கள். கடலூர்ப் பக்கம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தாலும் அதை வாங்காமல் வரக்கூடாது. புகாரையே வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

பழைய சைக்கிள் வாங்கப் போனாலும் இதே பாடம்தான். விற்பவரின் அடையாள அட்டையும் பில்லும் கேளுங்கள், ஃபிரேம் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது அதே நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்று வருஷச் சிறை வரை போகக்கூடிய குற்றம்.

உங்கள் சைக்கிளை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் துரத்திப் பிடித்து அடிக்காதீர்கள். அவரே பணம் கொடுத்து வாங்கி ஏமாந்தவராக இருக்கலாம். 112-க்கு அழையுங்கள், தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

மீட்ட சைக்கிள் உடனே கைக்கு வராது, நீதிமன்ற உத்தரவு பெற்றுத்தான் வாங்க வேண்டியிருக்கும். என் நண்பர் ஒருவருக்கு அப்படி மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். நிலையத்தின் பின்பக்கத்தில் வேலிக்கொடி படர்ந்து பதினைந்து சைக்கிள் கிடந்தன. நிறம் மாற்றியிருந்தார்கள், மட்கார்டு இல்லை, ஃபிரேம் நம்பர் இருந்த இடத்தில் அரம் தேய்த்த பளபளப்பு. "எதுய்யா உன்னுது?" என்று கேட்ட ஏட்டிடம் அவர் ஒரு ஸ்பேனர் மட்டும் கேட்டார். சீட்டைக் கழற்றி, குழாய்க்குள் குறடை விட்டுத் துழாவினார். பிளாஸ்டிக் கவர் சுருட்டியபடியே வந்தது. ஏட்டு அதைப் பிரித்து நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். நண்பரின் சட்டைப் பையில் மணி அடித்தது.